‘கார்டு கரப்ட் ஆயிடுச்சு’ என்பது பதில் அல்ல

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு வைத்திருப்பவர்களும், கேமரா பிடித்துப் பிழைக்கும் தம்பிகளும் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

‘சார், கார்டு கரப்ட் ஆயிடுச்சு. நாங்க என்ன சார் பண்றது?’

நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டாகிவிட்டது! மழை வந்து பந்தல் சாய்ந்ததுபோல, யார் மேலும் தவறில்லாத ஒரு தெய்வச் செயலாக இதைச் சொல்கிறார்கள். கேட்பவர்களும் ‘நம்ம தலையெழுத்து’ என்று எழுந்து போகிறார்கள். நான் சொல்கிறேன், இது தெய்வச் செயல் அல்ல. பெரும்பாலும் கைச்செயல்.

ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் புரியும். போன தை மாதம் கல்வராயன்மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சிற்றூரில் கல்யாணம். மாப்பிள்ளை என்னிடம் படித்தவர். படம் எடுக்கக் கீழேயிருந்து ஒருவர் வந்திருந்தார். யார், எந்த ஸ்டூடியோ என்பதெல்லாம் வேண்டாம். அவர் ஒருவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரே கேமரா, ஒரே கார்டு. இரவு வீடு திரும்பிக் கார்டைக் கணினியில் செருகியிருக்கிறார். ‘இந்த டிஸ்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா?’ என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. செய் என்று அழுத்திவிட்டார். பிறகு பார்த்தால் கார்டு காலி. காலிதானே என்று மறுநாள் அதே கார்டை ஒரு வளைகாப்புக்கு எடுத்துப் போய் நிரப்பிவிட்டார். மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போனது: கரப்ட்.

அந்தப் படங்களில் மாப்பிள்ளையின் பாட்டி இருந்தார். மாசியில் இறந்துபோனார். இப்போது அந்தக் குடும்பத்திடம் பாட்டியின் படம் என்று இருப்பது ஆதார் அட்டையில் உள்ளது மட்டும்தான். மாலை போட்டு மாட்ட அதைத்தான் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

இதில் கார்டு செய்த தவறு எவ்வளவு, மனிதர் செய்த தவறு எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கார்டுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று படங்கள். மற்றொன்று, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல். வகுப்பறையும் வருகைப் பதிவேடும் போல. பதிவேட்டில் ஒரு பையனின் பெயரை அடித்துவிட்டால் அவன் மறைந்துவிடுவானா? பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான். அந்த இடத்தில் புதுப் பையன் வந்து உட்காரும்போதுதான் பழையவன் வெளியே போகிறான். ‘கரப்ட்’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பதிவேடு கிழிந்த கதைதான். டெலிட் செய்வதும் சாதாரண ஃபார்மட்டும் பெரும்பாலான கேமராக்களில் பதிவேட்டைத்தான் துடைக்கின்றன. பையன்கள் உள்ளேதான் இருக்கிறார்கள்.

ஆக, விண்டோஸ் கேட்ட அந்த இரவிலேயே ‘வேண்டாம்’ என்று சொல்லிக் கார்டை வெளியே எடுத்து வைத்திருந்தால், அநேகமாக எல்லாப் படமும் கிடைத்திருக்கும். ஃபார்மட் செய்த பிறகும் நிறையக் கிடைத்திருக்கும். போட்டோரெக் என்று ஒரு மென்பொருள். கிறிஸ்தோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. பட்டியலே இல்லாவிட்டாலும் படங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும். பழைய பெயர், வரிசை இருக்காது, படம் இருக்கும். மறுநாள் வளைகாப்பை அதன்மேல் எடுத்தபோதுதான் அந்தப் பாட்டி உண்மையிலேயே போனார். அதைக் கார்டு செய்யவில்லை.

இதைச் சொன்னால் ஸ்டூடியோ தம்பிகளுக்குக் கோபம் வருகிறது. அவர்கள் சொல்லும் நியாயங்களையும் பார்ப்போம்.

‘நல்ல கம்பெனி கார்டுதான் சார் வாங்கினேன், அதுவும் போச்சு.’ போகும் தம்பி. ஃபிளாஷ் நினைவகம் என்பது மிகச் சிறிய அறைகளில் மின்னூட்டத்தைச் சிறைவைக்கும் ஏற்பாடு. 1980களில் தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா கண்டுபிடித்தது. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்த அறைகள் தேய்கின்றன. சும்மா பெட்டியில் கிடந்தாலும் மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். எல்லாக் கார்டும் ஒருநாள் சாகும். அது தெரிந்தும் ஒரே கார்டை நம்பி ஒரு குடும்பத்தின் முகூர்த்தத்தை ஒப்படைப்பதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். இன்னொன்று. நல்ல கம்பெனி என்பது அட்டையில் அச்சடித்த பெயரா, உண்மைச் சரக்கா? 16 ஜிபி கார்டை 128 ஜிபி என்று பொய் சொல்ல வைத்து விற்கும் வியாபாரம் உலகெங்கும் நடக்கிறது. கேமரா ஒரு எச்சரிக்கையும் காட்டாது, எடுத்துக்கொண்டே போகும். உள்ளளவு தாண்டியதும் எழுதுவதெல்லாம் காற்றில். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்து, சொன்ன அளவு இருக்கிறதா என்று காட்டிவிடும். சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்குகிறோம். கார்டைச் சோதிக்க ஓர் இரவு ஒதுக்க முடியாதா?

‘இரண்டு கார்டு போடுற கேமரா வாங்க எங்களுக்கு வசதி ஏது?’ நியாயம். கேனான் 1500டி போன்ற கேமராக்களில் ஒரு கார்டுக்குத்தான் இடம். ஆனால் இரண்டு கார்டு வாங்கி மாற்றிப் போட யார் தடுத்தது? நலங்குக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று. 128 ஜிபி ஒன்றைவிட 32 ஜிபி நான்கு மேல். ஒன்று போனாலும் முழுக் கல்யாணமும் போகாது. பந்தி நடக்கும் நேரத்தில், கைபேசியில் ஓடிஜி ரீடரை மாட்டி ஒரு பிரதி எடுத்துவிடலாம். அதற்கு சிக்னல்கூட வேண்டாம்.

‘நாங்க படம் எடுக்குற கலைஞர்கள், கம்ப்யூட்டர் மெக்கானிக் இல்ல.’ இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தவில் வாசிப்பவர் வார் இழுக்கத் தெரிந்துதான் வாசிக்கிறார். நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பிகள் உளியைத் தாங்களே தீட்டிக்கொள்கிறார்கள். கருவியைப் பேணுவது தொழிலில் பாதி.

மலைக்கு வருவோம். கீழே நகரத்தில் ஒரு கல்யாணம் என்றால் நூறு கைபேசிகள் படம் பிடிக்கின்றன. அன்றைக்கே வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. ஸ்டூடியோ கைவிட்டாலும் ஏதாவது மிஞ்சும். கல்வராயன்மலையின் பல ஊர்களில் இன்னும் சிக்னல் ஒழுங்காகக் கிடையாது. படம் தானாகவே மேகக் கணினிக்குப் போய்விடும் என்ற பேச்சு அங்கே செல்லாது. கார்டில் இருப்பது மட்டும்தான் இருப்பது. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. அங்குள்ள முதியவர்கள் பலருக்குப் படம் என்பதே வாழ்நாளில் ஓரிரு முறை வாய்ப்பது. வன உரிமைச் சட்டத்தின்கீழ் பட்டா கேட்டு அலைபவர், தன் வீட்டையும் வரப்பையும் எடுத்து வைத்த படமும் இப்படி ஒரு கார்டில்தான் கிடக்கும். ஆகவே மலைக்குப் போகும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். நடப்பதோ நேர்மாறு. ‘மலைதானே, யாரு கேக்கப் போறா’ என்ற அலட்சியத்தை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

கேமரா வைத்திருப்பவர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. படங்களை இரண்டு இடத்தில் காப்பி செய்து, திறந்து பார்த்த பிறகே ஃபார்மட். அதையும் கணினியில் செய்யாமல், எந்தக் கேமராவில் போடப்போகிறீர்களோ அதிலேயே செய்யுங்கள்.

2. கேமராவின் சின்ன விளக்கு எரியும்போது அது எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது கார்டையோ பேட்டரியையோ பிடுங்காதீர்கள். பேட்டரி கடைசிக் கோட்டுக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். எழுதும் பாதியில் மின்சாரம் போனால் பதிவேடுதான் முதலில் கிழியும்.

3. கேனானில் ‘எர்ர் 02’, நிக்கானில் ‘சிஎச்ஏ’ வந்தால் பதற வேண்டாம். கேமராவை அணைத்து, கார்டை எடுத்து மறுபடி செருகுங்கள். பக்கவாட்டில் உள்ள லாக் பொத்தானைப் பாருங்கள். மைக்ரோ கார்டை அடாப்டரில் போட்டிருந்தால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் அந்தக் கார்டை அன்றைக்குத் தனியே எடுத்து வைத்துவிட்டு வேறு கார்டில் தொடருங்கள்.

4. படம் காணவில்லை என்றால் அந்தக் கார்டில் ஒரு படம்கூட மேலே எடுக்காதீர்கள். ‘செக் டிஸ்க்’ போட்டுப் பார்க்காதீர்கள். அது பழுதுபார்க்கிறேன் என்று பதிவேட்டையே திருத்தி எழுதிவிடும். மீட்டெடுக்கும் படங்களை வேறு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் அல்ல.

5. முனைகளை ரப்பர் வைத்துத் தேய்க்காதீர்கள். மேலே இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

6. கார்டு பெட்டகம் அல்ல, தூக்குவாளி. சோறு கொண்டுபோகத்தான், சேமித்து வைக்க அல்ல.

படம் எடுக்கச் சொல்லும் குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆல்பத்துக்கு எத்தனை தாள், ட்ரோன் உண்டா என்று கேட்கிறீர்கள். ‘எத்தனை கார்டு, எத்தனை பிரதி, எப்போது காப்பி எடுப்பீர்கள்?’ என்று ஒருவராவது கேட்டதுண்டா? முன்பணம் கொடுக்கும் ரசீதிலேயே அதை எழுதி வாங்குங்கள். பணம் வாங்கிக்கொண்டு படம் தராமல் போவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. கல்யாணப் படம் தராத ஸ்டூடியோக்களுக்கு நுகர்வோர் ஆணையங்கள் இழப்பீடு விதித்த தீர்ப்புகள் நாட்டில் உண்டு. 1915 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள். சட்டம் தெரிந்தவர்கள் நகரத்தில் மட்டும் இருக்கிறார்கள் என்ற நினைப்புத்தான் மலையில் அலட்சியத்தை வளர்க்கிறது.

கடைசியாக ஒன்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களில் ஏறி இறங்கிப் பழம்படங்களைத் தேடி மின்படியாக்கினார்கள். கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்பிய நெகட்டிவ்கள் அவை. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரருக்கு நெகட்டிவை எண் போட்டுப் பெட்டியில் வைக்கும் பழக்கம் இருந்தது. ‘மறுபடி பிரிண்ட் வேண்டுமென்றால் வருவார்கள்’ என்ற பொறுப்பு. நம் கையில் அவரிடம் இல்லாத கருவிகள் எல்லாம் இருக்கின்றன. பிரதி எடுக்க ஒரு பைசா செலவில்லை. ஆனால் அந்தப் பொறுப்பு எங்கே?

இனி யாராவது உங்களிடம் ‘கார்டு கரப்ட்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். ‘இன்னொரு பிரதி எங்கே? அந்தக் கார்டு இப்போது எங்கே? அதற்கப்புறம் அதில் எதையாவது எடுத்தீர்களா?’ கார்டு சும்மா கிடக்கிறது என்றால் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். படம் இன்னும் உள்ளே இருக்கலாம்.

தம்பிகள் கோபத்தைக் கமெண்டில் காட்டலாம், பதில் சொல்கிறேன். மலையில் உள்ள நம் பிள்ளைகளுக்கு இதை அனுப்பி வையுங்கள். அங்கே சிக்னல் இல்லாவிட்டால், கீழே சந்தைக்கு வரும்போதாவது படிப்பார்கள்.