பிடித்துவிடும் கைக்கும் பலம் வேண்டும்

தோட்டத்தில் உருவிவிடும் அக்காமார்களுக்கும், பட்டணத்தில் மசாஜ் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கட்டைவிரல் கெட்டால் பிழைப்பும் கெடும். விரலை மட்டும் நம்பாதீர்கள். ஒரு காலை முன்வைத்து, உடல் பாரத்தைச் சாய்த்து அழுத்துங்கள்.

அதற்குக் காலும் முதுகும் உரமாக வேண்டும். 1 லிட்டர் போத்தலில் தண்ணீர் நிறைத்தால் 1 கிலோ எடை. கைக்கொன்றாகப் பிடித்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுபோல் 10 முறை செய்யுங்கள். பிறகு முதுகை நேராக வைத்து முன்சாய்ந்து, போத்தல்களை இடுப்புவரை 10 முறை இழுங்கள். வாரத்தில் 2 நாள் போதும். அடுத்தடுத்த நாள் வேண்டாம்.

பசியாறலுக்கு வெறும் கோப்பியும் ரொட்டியும் போதாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு; பருப்பு, தெம்பே, நெத்திலியும் தசைக்கு நல்லவை.

விரல் மரத்துப்போனால் பொறுத்திருக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். அது வீட்டுக்குச் சோறு போடும் கை.