இறக்கத்தில் இருக்கிறது வலி

சித்திரா பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் கூடலூர், கம்பம் வட்டாரத்து வீடுகளில் பெருமிதப் பேச்சே மிகுதியாகக் கேட்கும். ஆண்டுக்கு ஒரே நாள் பக்தர்களுக்காகத் திறக்கப்படும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்கு, லோயர்கேம்ப்பை அடுத்த பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் ஏறி, அன்னையைத் தரிசித்து, வந்த வழியே இறங்கி வந்த பெரியவர், "கால் கொஞ்சம் அசதி, மற்றபடி ஒன்றுமில்லை" என்று வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டாம் நாள் விடிந்ததும் நிலைமை மாறிவிடும். கட்டிலை விட்டு எழுந்து காலை ஊன்றினால் தொடைகள் இரண்டும் கல்லாய்க் கனக்கும். பூஜை அறையில் அமர்ந்தால் எழ முடியாது. நமஸ்காரம் செய்யக் குனிந்தால் யாராவது கைகொடுத்துத் தூக்க வேண்டும். "இனி இந்த வயதில் மலை வேண்டாம்" என்ற தீர்மானம் பிறப்பது அந்த வேளையில்தான்.

அது அவசரத்தில் எடுக்கும் தீர்மானம். அதே வீட்டில் காவலர் தேர்வுக்காகப் பயிற்சி பெறும் பேரன் இருந்தால் அவனைக் கேட்டுப் பார்க்கலாம். 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களுக்குள் கடக்க வேண்டும் என்பதற்காக மைதானத்தில் ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில், அவனும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில்தான் படி இறங்கியிருப்பான். பழக்கமில்லாத உழைப்பை உடல் முதன்முதலாக ஏற்கும்போது எந்த வயதினருக்கும் வருகிற வலி இது. உழைத்த சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சம் கண்டு, ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும்.

உழைப்பின்போது உண்டாகும் களைப்பும், ஒரு நாள் கழித்து வரும் இந்த வலியும் வெவ்வேறு என்பதை 1902-ஆம் ஆண்டிலேயே தியோடர் ஹஃப் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் எழுதிவிட்டார். தசைக்குள்ளே நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுவதே இதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. ஆயினும் 'லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது' என்ற விளக்கமே இன்றளவும் உடற்பயிற்சிக் கூடங்களில் உலவுகிறது. அந்த அமிலமோ உழைப்பு முடிந்த ஒரு மணி நேர அளவிலேயே இரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடும். இரண்டாம் நாள் வலிக்கு அதன்மேல் பழி போடுவதில் பொருளில்லை. 1983-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இதைச் சோதித்தே பார்த்தனர். சமதளத்தில் ஓடியபோது இரத்தத்தில் அமிலம் உயர்ந்தது. பின்னர் குறிப்பிடத்தக்க வலி வரவில்லை. சரிவில் கீழ்நோக்கி ஓடியபோது அமிலம் உயரவில்லை. வலி மட்டும் தவறாமல் வந்தது.

மலைக்கோயில் செல்லும் அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இந்தச் சரிவைத்தான். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது, இதயம் துடிக்கிறது. ஆகவே உடலை வருத்துவது ஏற்றமே என்று எண்ணுகிறோம். கம்பம் பள்ளத்தாக்கின் வாழைத் தோட்டங்களில் தார் சுமந்தவர்களுக்கு உண்மை தெரியும். கனத்த தாரை, காய் நசுங்காமல் மெல்ல மெல்லத் தரையில் இறக்கி வைக்கும்போது, கை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மலையிறங்கும்போது தொடையின் முன்புறத் தசை செய்வதும் அதே வேலைதான். ஒவ்வோர் அடியிலும் முழு உடலின் பாரத்தையும் அது நீண்டுகொண்டே தாங்கித் தடுத்து நிறுத்துகிறது. அப்படி நீளும்போதுதான் தசை இழைகள் நைகின்றன.

மங்கலதேவி கோட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1337 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பளியன்குடிப் பாதையின் நீளம் 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப்பிலும் செல்லலாம். 'ஏற்றத்துக்கு ஜீப், இறக்கம்தானே, நடந்தே இறங்கிவிடலாம்' என்று கணக்குப் போடுவோர் உண்டு. மூச்சுக்கும் இதயத்துக்கும் அந்தக் கணக்கு சரி. தொடைக்கு அது நேர்மாறானது. இதயமும் நுரையீரலும் நலமாக உள்ளன என்று மருத்துவர் உறுதி சொல்லி, முழங்காலும் தொடையும் மட்டும் தளர்ந்திருப்பவர், ஓய்வெடுத்து ஓய்வெடுத்து ஏறிச் சென்று, குமுளி வழியே வாகனத்தில் இறங்குவதே மேல்.

வலி வந்த பின் செய்வது என்ன? முழு ஓய்வைவிட வீட்டுக்குள்ளும் தெருவிலும் மெல்ல நடப்பதே நல்லது. வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் தடவி மென்மையாக நீவிவிட்டால் வலி ஓரளவு குறையும். 'உள்ளே கட்டியிருக்கிறது, உடைத்துவிடுகிறேன்' என்று கட்டைவிரலால் குத்தி அழுத்துவது நைந்த தசையை மேலும் நையச் செய்யும். கால்களை நீட்டி மடக்கினால் வலி வராது என்பார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அதனால் பெரிய பயன் தெரியவில்லை. வலி மாத்திரையைக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்குவது, சிறுநீரகக் கோளாறும் இரத்த அழுத்தமும் உள்ள பெரியவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கும் ஆபத்து.

எல்லா வலியும் இந்த வலி அன்று. இது இரு கால்களிலும் ஒருசேர, தசையில் பரவலாக இருக்கும். தொட்டால் நோகும், அசையாதிருந்தால் அடங்கும். ஒரு காலின் கெண்டைத் தசை மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலோ, மூட்டுக்குள்ளேயே குத்தினாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் கழிந்தாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களுக்கு அந்த மருந்தினாலேயே தசைவலி வருவதுண்டு. ஒரு வாரத்துக்குப் பின்னும் வலி நீடித்தால் மருத்துவரிடம் அதைக் கூறுவது நலம்.

இன்னோர் அபாயமும் உண்டு. வலியைப் பற்றியே பேசுவதால் இது கண்ணில் படாமல் போகிறது. அந்தச் சில நாள்களில் தசைக்கு வலியோடு வலுக்குறைவும் சேர்ந்திருக்கும். படியில் கால் வைக்கும்போது முழங்கால் சட்டென்று மடங்கும். இருபது வயதுப் பேரன் தடுமாறினால் சிரித்துக்கொண்டு எழுந்துவிடுவான். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறியும். சித்திரையின் கடைசிச் செவ்வாயன்று வீரபாண்டி கௌமாரியம்மன் பெருவிழா தொடங்கும். சில ஆண்டுகளில் அது சித்திரா பௌர்ணமியை ஒட்டியே அமைந்துவிடுகிறது. அப்போது மலையிறங்கிய கால்களோடு, ஈரம் படிந்த முல்லையாற்றுப் படிகளில் துணையின்றி இறங்குவது கூடாது. வீட்டுக் குளியலறைக்கும் இது பொருந்தும்.

இத்தனைக்கும் வலியை முன்கூட்டியே பெருமளவு குறைக்க வழி இருக்கிறது. ஒருமுறை சரிவுக்கு ஈடுகொடுத்துச் சீரான தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பை முன்போல் வலியின்றித் தாங்குகிறது. காட்டோடு பழகி வாழ்பவர்கள் அதே பாதையில் இறங்கிவிட்டு மறுநாளும் இயல்பாக நடமாடுவதன் இரகசியம் இதுவே. முதல் முறை சிறிதளவு உழைத்தாலே போதும், இந்தக் காப்பு ஓரளவு கிடைத்துவிடும்.

பங்குனிப் பௌர்ணமிக்கும் சித்திரைப் பௌர்ணமிக்கும் இடையே ஏறக்குறைய 30 நாள்கள் இருக்கின்றன. மாலை அணிந்து நோன்பு தொடங்குவது போல இந்தப் பயிற்சியையும் பங்குனிப் பௌர்ணமியில் தொடங்கலாம். முதல் நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி ஓரிரு முறை நிதானமாக இறங்கினாலே போதும். மூன்று நாள் இடைவெளி விட்டு, வலி தீர்ந்திருந்தால் இன்னும் இரண்டு முறை கூட்டலாம். மூன்றாம் வாரத்தில் பெரியகுளம் அருகே கைலாசபட்டி மலைமேல் அமர்ந்திருக்கும் கைலாசநாதரைத் தரிசித்து இறங்கி வந்தால் வழிபாடும் ஆயிற்று, பயிற்சியும் ஆயிற்று. கடைசி நான்கைந்து நாள்கள் சமதளத்தில் மட்டும் நடந்து, தசையை ஆறவிட வேண்டும். மைதானத்தில் ஓடத் தொடங்கும் பேரனுக்கும் இதே முறைதான்: முதல் வாரம் நடையும் ஓட்டமுமாகக் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள்.

திருவிழா நாளன்று விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குவது நல்லது. பிற்பகலுக்குப் பின் மலையேற அனுமதி இராது. அந்தி சாய்வதற்குள் எல்லோரும் காட்டை விட்டு வெளியேறியாக வேண்டும். தாமதமாகச் சென்றவர்கள் திரும்பும் வழியில் ஓட்டமும் நடையுமாக இறங்குகிறார்கள். முன்னதாகத் தரிசித்தவருக்கோ, கைத்தடியை ஊன்றி, சிறு சிறு அடிகளாக வைத்து, நிழல் கண்ட இடத்தில் அமர்ந்து தண்ணீர் பருகி, மெதுவாக இறங்கி வர ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது.