எண்ணில் அடங்காத வலி

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவமனையில், வலது தோளை இடது கையால் தாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, இளம் மருத்துவர் ஒருவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "வலி பத்துக்கு எத்தனை?" சற்று யோசித்து "ஆறு" என்றேன். அவர் ஆறு என்று தட்டிக்கொண்டார். அந்த ஆறுக்குள் என்னென்ன அடைந்து கிடந்தன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மெய்ப்புத் திருத்துவதும் மொழிபெயர்ப்பதும் என் பிழைப்பு. ஒரு சொல்லுக்கு நிகரான சொல் கிடைக்காமல் இரவெல்லாம் விழித்திருந்தவன், தன் உடம்பைப் பற்றிச் சொல்ல நேர்ந்தபோது ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான் என்பது இன்றும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த எண்ணுக்கு நான் கொடுத்த விலை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. கழுத்து முள்ளெலும்புகளில் ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே ஜவ்வு பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. அதை ஒரு தீர்ப்பைப் போல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். சில வாரங்களுக்கென்று தரப்பட்ட கழுத்துப்பட்டையைப் பதினொரு மாதம் கழற்றவில்லை. பேருந்தில் ஏற அச்சம், தண்ணீர்க் குடத்தைத் தூக்க அச்சம், கடைசியில் பேனாவைப் பிடிக்கவும் அச்சம். கையால் எழுதுவதை அப்போதுதான் நிறுத்தினேன்.

பிறகு ஒரு சிற்றூரில், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் பணிபுரிந்த பிசியோதெரபிஸ்ட் அம்மையார் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் அறிக்கையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "குடையுதா சார், கடுக்குதா, எரியுதா, மதமதங்குதா? எங்க எது?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முயன்றபோதுதான் எனக்கு இருந்தது ஒரு வலி அன்று, இரண்டு என்று தெரிந்தது. தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் இருந்தது கடுப்பு. மாலையானால் குடைச்சலாக மாறும், அழுத்தினால் புயத்துக்குள் இறங்கும். கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் இருந்தது மதமதப்பு. தலையை வலப்பக்கமாகச் சாய்த்து அண்ணாந்தால் தோளிலிருந்து விரல்வரை சுரீரென்று ஓடும். முன்னது தசையின் பேச்சு, பின்னது நரம்பின் பேச்சு என்றார் அவர். இரண்டையும் கூட்டித்தான் நான் 'ஆறு' என்று சொல்லியிருக்கிறேன்.

வலி இருக்கும் இடமும் அது பிறக்கும் இடமும் வேறு வேறாக இருக்கலாம் என்பது புதிய செய்தியன்று. 1938-இல் லண்டனில் கெல்கிரென் என்ற மருத்துவர் தசைகளுக்குள் உப்புக்கரைசலை ஊசியால் ஏற்றிப் பார்த்து, வலி ஊசி குத்திய இடத்தில் நில்லாமல் தொலைவில் போய்த் தோன்றுவதைப் பதிவு செய்தார். அந்த வழியில் வெகுதூரம் போனவர் அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவல். இறுகிய தசை நாரில் விரலுக்குத் தட்டுப்படும், அழுத்தினால் வேறிடத்தில் வலியை எழுப்பும் புள்ளிகளை அவர் 'டிரிக்கர் பாயின்ட்' என்றார். தசைமுடிச்சு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவரும் டேவிட் சைமன்ஸும் சேர்ந்து எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1983-இல் வந்தது. (சைமன்ஸ் 1957-இல் பலூனில் ஏறி 30 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்துக்குச் சென்று திரும்பிய விமானப்படை மருத்துவர், இறங்கி வந்து மனிதத் தசைக்குள் புகுந்தவர்.) கழுத்தின் பக்கவாட்டுத் தசை ஒன்றில் உள்ள முடிச்சு கட்டைவிரல்வரை வலியை அனுப்பலாம் என்று அந்நூலின் படங்கள் காட்டுகின்றன. கழுத்தின் ஆறாவது நரம்புவேர் நசுங்கினாலும் வலி அதே விரலுக்குத்தான் போகிறது. இடத்தை மட்டும் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தன்மையைக் கேட்டால்தான் பிரியும்.

இந்த முடிச்சுகள் மெய்யாகவே தசைக்குள் இருக்கின்றனவா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே நோயாளியைத் தொட்டுப் பார்த்த இருவர் ஒரே புள்ளியைச் சுட்டுவதில் தடுமாறுகிறார்கள். 2015-இல் குவின்ட்னர், போவ், கோஹன் ஆகிய மூவர் இக்கோட்பாட்டின் அடித்தளத்தையே மறுத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். வர்மப் புள்ளிகளும் இவையும் ஒன்றே என்று நம்மில் சிலர் பெருமையோடு எழுதுவதைப் பார்க்கும்போது, இன்னும் தீராத வழக்கில் நாம் ஏன் அவசரமாகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. விளக்கம் தவறாக இருக்கலாம். அழுத்தும்போது நான் உணரும் கடுப்பு தவறாக இருக்க முடியாது.

என் பையில் இருந்த தீர்ப்புக்கு வருகிறேன். ஜப்பானில் கழுத்து வலியோ கை வலியோ இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. படம் பொய் சொல்வதில்லை. ஆனால் இந்த வலிக்கு இந்தப் பிதுக்கம்தான் காரணம் என்று படம் தானாகச் சொல்வதும் இல்லை. அதைச் சொல்ல நோயாளியின் வாய்மொழி வேண்டும், அதைச் சரிபார்க்கும் மருத்துவரின் கை வேண்டும்.

வாய்மொழி என்றதும் அறிவியலுக்குப் புறம்பான ஒன்று என்று சிலர் நினைக்கக்கூடும். மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்ஸாக், வலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து, 1975-இல் ஒரு வினாப்பட்டியலாக வெளியிட்டார். ஓர் உளவியலாளர் அகராதிக்காரரின் வேலையைச் செய்திருக்கிறார். 2005-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் நரம்பு வலியைப் பிரித்தறிய உருவாக்கிய பத்துக் கேள்விகளில் ஏழு முழுக்க உணர்வைப் பற்றியவை: எரிகிறதா, வலிக்கும்படி சில்லிடுகிறதா, மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதா, ஊசி குத்துவதுபோல் இருக்கிறதா, மரத்துப்போகிறதா என்று போகும். பத்தில் நான்குக்கு 'ஆம்' என்றால் நரம்பைச் சந்தேகிக்கலாம்.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு, எரிச்சல், காந்தல், மதமதப்பு, விண்விண்ணென்று தெறிப்பது, சுரீரென்று பாய்வது. என் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கடுப்பையும் உளைச்சலையும் அவர் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. ஈழத்தில் இன்றும் 'நோகுது' என்பது அன்றாடச் சொல். 'உளைவு' என்றால் அது வேறு. தலைவலியைச் சொல்ல ஆங்கிலத்தில் சொல் இல்லை என்று வர்ஜீனியா வுல்ஃப் 1926-இல் ஒரு கட்டுரையில் முறையிட்டார். அந்த முறையீட்டை வாசித்துத் தலையாட்டிய நாம், நம் கைவசம் இருக்கும் இத்தனை சொற்களையும் மருத்துவமனை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய் "பெயின் இருக்கு டாக்டர்" என்கிறோம். என் முறையீடு இதுதான்.

சொல் பிரிந்த பிறகுதான் வழியும் பிரிந்தது. கடுப்புக்கு வெந்நீர் ஒத்தடமும், சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்து அழுத்தும் டென்னிஸ் பந்தும் அன்றைய ஆறுதலைத் தந்தன. நிலையான மாற்றத்தைத் தந்தது மெல்ல மெல்லக் கூட்டிய எடைப் பயிற்சி. இதில் ஒரு பழைய கதை உண்டு. கென்னடியின் முதுகுவலிக்கு டிராவல் அம்மையார்தான் வைத்தியம் பார்த்தார். அவர் பரிந்துரைத்த ஆடும் நாற்காலி உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஊசிமேல் ஊசியாகப் போய்க்கொண்டிருந்தபோது, 1961-இல் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவர் அழைக்கப்பட்டார். அவர் வலியுறுத்தியது உடற்பயிற்சியை. முடிச்சை அழுத்துவது வாசல்; அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

விரலின் மதமதப்புக்குப் பந்து உதவாது. நரம்பை அழுத்தித் தேய்த்தால் அது இன்னும் சினக்கும். அதற்குத் தேவைப்பட்டவை காலமும், கையை மெதுவாக நீட்டி மடக்கும் பயிற்சியும், தலையணையின் உயரத்தை மாற்றியதும், சில மாதம் நரம்பு வலிக்கான மாத்திரையும். கழுத்து நரம்பு நசுங்கியவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலேயே சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். ஆனால் சில சொற்கள் காத்திருக்கக் கூடாதவை. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, கையிலிருந்து பொருள் நழுவுகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுக்குள் இல்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மார்பில் இறுக்கமும் வியர்வையுமாகக் கை கடுத்தால் அது தசையா நரம்பா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், இதயமாக இருக்கலாம்.

நீடித்த வலிக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு சிறு நோட்டு வாங்குங்கள். எங்கே, எப்போது, எதைச் செய்தபின், எந்தச் சொல் என்று நான்கு செய்திகளை உங்கள் வீட்டுத் தமிழில் எழுதுங்கள். இரண்டு வாரம் போதும். அதற்குமேல் எழுதினால் வலியையே காவல் காக்கத் தொடங்கிவிடுவோம். மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எண்ணைக் கேளுங்கள், நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று அறிய அது பயன்படும். அதற்கு முன்னால் சொல்லைக் கேளுங்கள். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அல்போன்ஸ் டோடே தண்டுவட நோயின் வலியைக் குறிப்புகளாக எழுதிவைத்தார். அவர் 1897-இல் இறந்தார். குறிப்புகள் 1930-இல்தான் நூலாயின. ஜூலியன் பார்ன்ஸ் 2002-இல் ஆங்கிலத்தில் தந்தார். பசியையும் சாவையும் நம் புனைகதை எழுதியிருக்கும் அளவுக்கு, கொல்லாமலும் விலகாமலும் இருபது வருடம் கூடவே குடியிருக்கும் தோள்வலியை எழுதியிருப்பதாக என் வாசிப்பில் தட்டுப்படவில்லை. சொற்கள் இருக்கின்றன, அவற்றைப் புழங்கும் இடங்கள்தான் குறைந்துவருகின்றன.

எனக்கு வலி போய்விடவில்லை. மழைநாளிலும், கெடு நெருங்கும் வாரத்திலும் கடுப்பு வந்து உட்காரும். விரலின் மதமதப்பு நகக்கண் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் பேனாவால்தான் எழுதினேன், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்து. நான்காம் பக்கத்தில் தோள் குடையத் தொடங்கியது. மூடி வைத்துவிட்டு, மறுநாள் தொடர்ந்தேன்.