வீட்டுக் கேக்கில் காசு பார்க்கலாமா? கணக்கு தெரியாவிட்டால் கையைச் சுடும்!

நாகர்கோவில், டிச. 10-

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. குமரி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு வெண்ணெய் வாசம் மூக்கைத் துளைக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கு மக்கள்தொகையில் சுமார் 47 சதவீதம் கிறிஸ்தவர்கள். பண்டிகைக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுட்டுக்கொண்டிருந்த வீடுகளில் இப்போது 'ஓவன்' வாங்கி வைத்து, வாட்ஸ்அப்பில் பிளம் கேக் ஆர்டர் பிடிக்கிறார்கள். பிள்ளைகளின் பீசுக்கும், குழுக் கடன் தவணைக்கும் இந்த டிசம்பர் காசைத்தான் நம்பியிருக்கிறார்கள் பல இல்லத்தரசிகள்.

நிஜமாகவே காசு மிஞ்சுகிறதா?

ஒரு கிலோ கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கிலோ பிளம் கேக்கை எடுத்துக்கொள்வோம். வெண்ணெய் 200 கிராம் 120 ரூபாய். முட்டை 4-க்கு 28. மைதா 10, சர்க்கரை 15. முந்திரி, திராட்சை, செர்ரி எல்லாம் சேர்த்து 180. எசென்ஸ், பட்டை, கிராம்பு, பேக்கிங் பவுடர் 20. பெட்டி, அட்டை, லேபிள் 35. கரண்ட் 15. ஆக மொத்தம் 423 ரூபாய். ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும்.

650 ரூபாய்க்கு விற்றால் 227 மிஞ்சும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கலப்பது, வேகவைப்பது, ஆறவிடுவது, பெட்டியில் போடுவது என்று ஒரு கேக்குக்கு 3 மணி நேரம் போகிறது. மணிக்கு 75 ரூபாய் கூலி! ஒரே நேரத்தில் இரண்டு டின் வைத்தால்தான் கூலி என்று சொல்கிற அளவுக்கு வரும்.

"அக்கா, நமக்குள்ளதானே, 550-க்குத் தாங்க" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் மறுக்க முடியாது. அப்போது மிஞ்சுவது 127 ரூபாய்தான்.

அட்வான்ஸ் இல்லையேல் அவ்வளவுதான்

உண்மையான அடி வேறு இடத்தில் விழுகிறது. 10 கேக் போட அடக்கம் 4,230 ரூபாய். பத்தும் போனால் 2,270 லாபம். இரண்டு பேர் கடைசி நேரத்தில் வாங்க வரவில்லை என்றால் கையில் நிற்பது வெறும் 970. நான்கு பேர் வராவிட்டால் முதலிலேயே 330 ரூபாய் நஷ்டம். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்காமல் ஓவனைப் போடக்கூடாது என்பதே இதில் பாடம்.

பிளம் கேக் சில நாள் தாங்கும். கிரீம் கேக் அப்படியில்லை, மிஞ்சினால் குப்பைதான்.

வரி குறைந்தது, போட்டி கூடியது

2025 செப்டம்பர் 22 முதல் வெண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 12-ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இது வீட்டுக்காரர்களுக்கு லாபம். ஆனால் அதே நாளில் கேக் மீதான வரியும் 18-ல் இருந்து 5 ஆனது. பேக்கரிக்காரர்களும் விலை குறைக்க வழி பிறந்துவிட்டது. எனவே விலையில் கடையோடு மோதுவது வீண். கைப்பக்குவமும் நம்பிக்கையும்தான் வீட்டுக் கேக்கின் பலம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் செய்து விற்றாலும் அது உணவு வியாபாரம்தான். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் எளிய பதிவு என்று 2011-ம் ஆண்டு விதிகள் வகுத்தன. ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். செய்த தேதி, எடை, சேர்மானம் ஆகியவையும் வேண்டும்.

பலர் கோட்டை விடுவது குறியீட்டில்தான். முட்டை போட்ட கேக் சட்டப்படி அசைவம். அதற்குப் பச்சைக் குறி போடுவது தப்பு.

வீட்டு உபயோக சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தவும் அனுமதி இல்லை. கரண்ட் ஓவனிலும் கவனம் தேவை. இரண்டு மாத மின்சாரம் 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகை குறைந்து பில் எகிறும். கேக்கோடு வீட்டு ஒயினையும் விற்கலாம் என்று யோசிப்பவர்கள் உஷார்! லைசென்ஸ் இல்லாமல் மது தயாரித்து விற்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஒரு பாட்டிலுக்கு ஆசைப்பட்டு போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வரும்.

யாருக்கு லாபம்?

பழங்களை முன்கூட்டியே ஊறவைத்து, சாமான்களை மொத்தமாக வாங்கி, முன்பணம் பெற்று, செய்ய முடிகிற அளவுக்கு மட்டும் ஆர்டர் எடுப்பவர்களுக்கு இது நல்ல வரும்படி. கடன் வாங்கி பெரிய ஓவன் வாங்குவோர் யோசிக்க வேண்டும். டிசம்பர் ஒரு மாசம்தான், தவணையோ பன்னிரண்டு மாசமும் வரும்!