சிறு நாட்டின் கேடயம்

மால்ட்டாவின் குடிகள் 5 இலட்சத்துக்குச் சற்று மேல். ஜேர்மனியின் குடிகள் 8 கோடிக்கு மேல். இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கத்துவ நாடுகளே. வெளிநாட்டுக் கொள்கை, வரி, புதிய நாடொன்றைச் சேர்த்தல் முதலியவற்றில் 27 நாடுகளும் ஒருமனப்பட்டாலன்றி முடிவில்லை. ஆங்கே இருவர் சொல்லுக்கும் நிறை ஒன்றே. "தலைகளை எண்ணுவதன்றோ குடியாட்சி? இஃது என்ன நியாயம்?" என்று நண்பரொருவர் என்னிடம் வினவினார்.

தலைகளை மட்டும் எண்ணினால் சிறியவன் என்றென்றும் தோற்பான். எப்பொழுதும் தோற்பவனைப் பங்காளி என்பது வெறும் உபசாரமே. ஆதலின் அவனுக்கொரு கேடயம் வேண்டும். இதனை ஒன்றியம் உணராமலில்லை. 2014 முதல் வழங்கும் முறைப்படி, பெரும்பாலான விடயங்களில் நூற்றுக்கு 55 வீதமான நாடுகளும், குடித்தொகையில் 65 வீதத்தைக் கொண்ட நாடுகளும் இணங்கவேண்டும். பெரியவை சில கூடியோ சிறியவை பல கூடியோ மட்டும் வென்றுவிட இயலாது. இது நல்ல கேடயம்.

ஆனால் தனியொரு நாட்டின் தடையுரிமை வேறு. அதனை வற்புறுத்திப் பெற்றது சிறு நாடன்று, பிரான்ஸ். 1965இல் டிகோலின் அரசு மந்திரிகள் சபையில் தன் ஆசனத்தை வெறுமையாக விட்டது. 1966 ஜனவரியில் லக்ஸம்பேர்க்கில் ஏற்பட்ட இணக்கத்தின் பின்னரே திரும்பியது. 2023 டிசெம்பரில், உக்ரேனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை ஹங்கேரி தனித்து நின்று தடுத்தது. 2024 பெப்ரவரியிலேயே இணங்கியது.

போலந்தின் கதையை நாம் மறத்தலாகாது. அதன் பழைய மன்றத்தில் ஒரேயொரு பிரதிநிதி "ஒப்பேன்" என்றால் மன்றமே கலைந்துவிடும். அயல் அரசுகளுக்கு அது வாய்ப்பாயிற்று. ஒருவனை விலைக்கு வாங்கினாற் போதும். 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் அந்நாடு துண்டாடப்பட்டு மறைந்தது.

எனவே என் துணிபு இது: ஒரு நாட்டின் அரசியலமைப்பு, மொழி, நிலம் ஆகியவற்றைத் தொடும் விடயங்களில் தடையுரிமை இருக்கட்டும். பொதுக் காரியத்தில் அஃது ஆகாது. பங்குக் கிணற்றில் என் முறையை எவரும் பறித்தலாகாது. அயலவன் தோட்டத்துக்கு நீர் இறைப்பதை நானும் மறித்தலாகாது. இவ்விரண்டும் ஒருங்கே நிலைத்தாற்றான் அது பங்குக் கிணறு.