முகம் தெரியாத படங்கள்

"ஸார், காமிரா ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன், எது நல்லது?" என்று நம்மைக் கேட்காதவர் சந்தவாசலில் வெகு சிலரே. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாய் அலைந்தால், ஊரார் அவரை நிபுணரென்று நினைப்பது சகஜந்தானே! அந்த எண்ணத்தைக் கலைக்க நாமும் முயன்றதில்லை. லென்ஸின் துவாரம், ஷட்டரின் வேகம் என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்துதான் அனுப்புவோம். சென்ற ஐப்பசியோடு அந்தப் பிரசங்கம் நின்று போயிற்று. காரணத்தை நேயர்களிடம் ஒளிப்பானேன்?

நம்மிடம் இருப்பவை இரண்டு காமிராக்கள். ஒன்று, தகப்பனார் உபயோகித்த ஆக்பா க்ளிக் 3. பரோடாவில் உற்பத்தியாகி, ஒரு காலத்தில் நம் நாட்டுக் குடும்பங்களின் கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் பதிவு செய்த எளிய பெட்டி அது. தூரத்தைத் திருத்திக்கொள்ள அதில் வழி கிடையாது. வெயிலா, மேகமா என்று குறியைத் தள்ளிவிட்டுப் பொத்தானை அமுக்க வேண்டியதுதான். 1996ஆம் வருஷக் கோடை விடுமுறையில் அதை நம் கையில் கொடுத்தபோது, உதகமண்டலத்துத் தொழிற்சாலையில் தயாரான 'இந்து' பிலிம் சுருள் ஒன்றையும் கொடுத்து, "12 படந்தான்; யோசித்து எடு" என்றார் தகப்பனார். (அந்தத் தொழிற்சாலை பின்னர் மூடப்பட்டுவிட்டது.)

மற்றது, பத்து வருஷத்துக்கு முன் தவணையில் வாங்கிய டிஜிட்டல் காமிரா. அதற்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ், எண் 1.8. இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிதென்று அர்த்தம். துவாரம் பெரிதானால் இருட்டறையிலும் வெளிச்சம் தாராளமாய் உள்ளே வரும். அதற்கு ஒரு விலையுண்டு. குறிவைத்த இடம் மட்டுமே துல்லியமாக விழும். முன்னும் பின்னும் உள்ளவை பனியில் கரைந்தாற்போல் மங்கிவிடும். இந்த மங்கலைத்தான் கலா ரஸிகர்கள் சிலாகிக்கிறார்கள். நாமும் சிலாகித்தோம்.

நம் தெருக்கோடியில், ஆரணி ஜவுளிக்காரர்களுக்குப் பட்டுப்புடவை நெய்து கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். தறி போட்ட கூடத்துக்கு ஒரே ஜன்னல். காலை எட்டு மணிக்கு அதன் வழியாக ஒரு கீற்று வெயில் பாவின்மீது விழும், ஜரிகை மின்னும். அந்தக் கால் மணி நேரத்துக்காக ஐந்தாறு வருஷம் அவர் வீட்டுக்குப் போய் வந்தோம். அவற்றுள் நமக்கு மிகப் பிரியமான படம் ஒன்று உண்டு. அறுந்த இழையைப் பிணைக்கும் இரண்டு விரல்கள், நகக்கண்ணில் சாயம், தோலின் ரேகைகூட எண்ணலாம். அதைப் பெரிதாக்கி நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தோம். வருவோர் எல்லாரும் பிரமாதம் என்றார்கள்.

ஐப்பசியில் அவர் காலமானார். மூன்றாம் நாள் அவருடைய மகள் வந்தாள்.

"அப்பா படம் ஒன்று வேண்டும், ஸார். காரியத்தன்று வைக்கணும். ஆதார் அட்டையில் இருப்பது அவர் மாதிரியே இல்லை. நீங்கள்தான் அத்தனை படம் எடுத்திருக்கிறீர்களே!"

"இதோ, நாளைக்கே தருகிறோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். நள்ளிரவாயிற்று. இருநூறுக்கு மேல் படங்கள். கை இருந்தது, மிதிக்கும் கால் இருந்தது, வெயில் இருந்தது. முகம் மட்டும் இல்லை. ஒன்றில் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. ஒன்றில் குனிந்த உச்சந்தலை. மற்றவற்றில், நாம் பணம் கொடுத்து வாங்கிய அதே அழகான மங்கலில் கரைந்து கிடந்தது.

அன்றிரவு மா. கிருஷ்ணன் நினைவுக்கு வந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், 1912இல் பிறந்தவர். 1950 முதல், 1996 பிப்ரவரி 18ஆந் தேதி காலமாகும்வரை, கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதியவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தவர். அவருடைய காமிராவுக்கு உடல் ஒரு கம்பெனியுடையது, தொலைதூர லென்ஸ் வேறொரு கம்பெனியுடையது. மிச்சம் மீதி அவரே இணைத்த உறுப்புகள். அந்த விநோத ஜந்துவுக்கு 'ஸூப்பர் பாண்டரோஸா' என்று நாமகரணமும் செய்திருந்தார்! கடைக்காரர் எவரும் அதைக் கையால் தொட்டிருக்க மாட்டார். ஆனால் அதைக் கொண்டு அவர் எடுத்த யானைப் படங்களில் காது மடிப்பு தெரியும். நிற்கும் தோரணை தெரியும். இது இன்ன யானை என்று அடையாளம் சொல்லலாம். காட்டு யானைக்கு அவர் காட்டிய மரியாதையை, அடுத்த வீட்டு மனிதருக்கு நாம் காட்டவில்லை.

விடியற்காலையில் பரண்மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். அந்த முதல் சுருளின் 12 படங்களில் நான்கு பாழ். ஒன்றில் நம் கட்டைவிரல். ஏழாவதில், தெரு நெடுகப் பாவு நீட்டியிருக்கிறார்கள். இரு மருங்கும் ஆட்கள். க்ளிக் காமிராவின் துவாரம் சிறியது. ஆகவே பக்கத்துக் கழியிலிருந்து கோடிப் புளியமரம் வரை எல்லாம் ஏறக்குறையத் தெளிவு. இடப்பக்கத்தில் மூன்றாவதாக நிற்பவர் வேலையை விட்டுவிட்டு, காமிரா பிடித்த பையனைப் பார்த்துச் சிரிக்கிறார். அவரேதான்!

நெகடிவில் அந்த முகம் உளுந்தளவு. ஆயினும் அது 6 சென்டிமீட்டர் சதுரப் பிலிம். 35 மில்லிமீட்டர் பிலிமைப்போல் நான்கு மடங்கு பரப்பு உடையது. வெளிச்சத்தின்மேல் அதை வைத்து, நமது 1.8 லென்ஸைத் தலைகீழாய்த் திருப்பிப் பிடித்துப் படமெடுத்தோம். திருப்பிப் பிடித்தால் சிறியதைப் பெரிதாய்க் காட்டும் என்பது அந்த லென்ஸின் நற்குணம். புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. மூக்கும் சிரிப்பும் வந்துவிட்டன.

மகள் வெகு நேரம் பார்த்தாள். "முடி எவ்வளவு கறுப்பு!" என்றாள். மற்றவர்களை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் அச்சிடட்டுமா என்று கேட்டோம். கூடத்திலிருந்த தாயார், "வேண்டாம் ஸார், எல்லாரும் இருக்கட்டும்" என்று சொல்லி, படத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராய்ப் பெயர் சொல்லிக் காட்டினார். முகத்தை ஒன்றும் முழுப் படத்தை ஆறும் அச்சிட்டோம். ஆறும் அதே தெருவில் ஆறு வீடுகளுக்குப் போயின.

அடுத்த ஞாயிறன்று, படத்தில் நான்காவதாக நின்றவர் துவைத்த சட்டையும் திருநீறுமாக நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். வயது எழுபதுக்கு மேல்.

"வாத்தியாரே, என்னையும் ஒன்று எடுத்து வையுங்கள். கை வேண்டாம்."

திண்ணையில் உட்காரவைத்து, துவாரத்தை 8க்குத் திருப்பினோம்.