விகுதியில் ஒளிந்திருக்கும் ஏளனம்

சென்ற தவணையில் மாணவனொருவன், ஓய்வுபெறும் ஆசிரியருக்கு ஆங்கிலத்திற் பிரியாவிடை மடல் வரைந்து என்னிடம் காட்டினான். ஆசிரியரைச் 'சைல்டிஷ்' உள்ளம் படைத்தவர் என்று அதிற் புகழ்ந்திருந்தான். கள்ளமற்ற உள்ளம் என்பதே அவன் கருத்து. அகராதியும் 'குழந்தை போன்ற' என்றே பொருள் கூறிற்றாம்! ஆயினும், ஆங்கிலமறிந்தார் செவியில் அது 'சிறுபிள்ளைத்தனமான' என்றல்லவா ஒலிக்கும்? அவன் நாடிய சொல் 'சைல்ட்லைக்'.

பகுதி ஒன்றே, உணர்ச்சியை மாற்றுவது விகுதி. 'இஷ்' பழைய ஆங்கிலத்திலிருந்தே வருவது. 'இங்கிலிஷ்', 'ஸ்கொட்டிஷ்' என நாட்டையும் இனத்தையும் சுட்டும்போது அதில் இழிவேதும் இல்லை. 'செல்ஃபிஷ்', 'புக்கிஷ்' போன்ற சொற்களிலோ ஏளனம் ஏறிவிட்டது. பெண்மையின் சிறப்பை 'வுமன்லி' என்பர். ஆடவனைப் பழிக்க 'வுமனிஷ்' என்பர். இந்த 'லி'யும் 'லைக்'கும் உடல், வடிவம் எனப் பொருள்படும் ஒரே பழஞ்சொல்லின் வழிவந்தவை. ஆகவே ஒப்புமையை மட்டும் கூறிப் பழிக்காது நின்றுவிடுகின்றன போலும். ஆனால் 'பாயிஷ்' என்பதில் இனிமையே மிகுதி! சூத்திரம் செய்து மனனம் பண்ணுவோர் இடறுவது இங்கேதான். சொல்லை அது வழங்கும் வாக்கியத்தோடு படித்துப் பழகவேண்டும்.

மடல் சட்டமிடப்படுமுன் அச்சொல்லை மாற்றிவிட்டோம். இன்று அது அவ்வாசிரியர் வீட்டு முன்விறாந்தையில் தொங்குகின்றது.